உதவிக்கு எங்களிடம் ஏழு சொற்கள்

பாரிசவாதத்தால் அப்பாவுக்குப் பேச்சுப் போன மூன்றாவது கிழமை, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னிடம் ஒரு சொல் கேட்டாள். ஒரு அட்டையில் சதுரங்கள் வரைந்து தண்ணீர்க் குவளை, கட்டில், கழிப்பறை, போர்வை என்று படங்கள் ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு கோடு. அந்தக் கோடுகளில் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். கடைசிச் சதுரத்தில் மட்டும் படம் இல்லை. உதவி என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"இதற்கு என்ன படம் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை," என்றாள். "அகராதிச் சொல் வேண்டாம். உங்கள் அப்பா வீட்டில் எப்படிச் சொல்வாரோ அதை எழுதுங்கள்."

மற்றச் சதுரங்களை இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்து எழுதுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சதுரத்தில்தான் எல்லாம் தங்கியிருந்தது. அதற்கு முதல் நாள் வீட்டு நிலைமையை மதிப்பிடும் பெண் வந்து எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அம்மா இல்லை. அண்ணா கனடாவில். நான் ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையொன்றில் மின்சுற்றுப் பலகைகளைப் பரிசோதிக்கும் வேலைக்குக் காலை ஆறரைக்குப் போனால் பின்னேரம் நாலே காலுக்குத்தான் திரும்புவேன். வேலையை விட்டால் வாடகை கட்ட முடியாது. ஆகவே அப்பா பகலில் தனியாக இருப்பார். அவரால் உதவிக்கு அழைக்க முடியுமானால் வீட்டுக்கு விடலாம். முடியாதென்றால் பராமரிப்பு இல்லம்.

தொழிற்சாலையில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், ஒரு பிழையைத் தேடுவதற்கு முன் இருக்கும் எல்லாவற்றையும் எழுதிக்கொள் என்பது. அன்று பின்னேரம் குசினி மேசையில் இருந்து எழுதினேன். உதவி. துணை. ஒத்தாசை. கைகொடுத்தல். உபகாரம். சகாயம். அபயம். ஏழு வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அப்பா இதைச் சொல்லி நான் கேட்ட இடம் என்று ஒரு நிரல் போட்டேன். அந்த நிரல் வெறுமையாகவே இருந்தது. ஒத்தாசை என்ற சொல்லை அவர் எழுதிப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது வேறு யாருக்காகவோ எழுதிக் கொடுத்த கடிதத்தில். இருபத்தாறு வருடம் அவருடைய மகளாக இருந்திருக்கிறேன். அவர் தனக்காக இந்த ஏழில் ஒன்றையும் சொன்னதாக நினைவில்லை.

அடுத்த நாள் தேநீர் நேரத்தில் வேலையிடத்தில் கேட்டேன். மற்றவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் எங்களுடையது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவரும் என்று ஒரு எண்ணம். எங்கள் வரிசையின் மேற்பார்வையாளர் ஒரு சமோவாப் பெண். ஃபெசோவாசோவானி என்றாள். அதற்குள்ளே இருக்கும் சோவா என்பது சோடி, கூட்டாளி என்று விளக்கினாள். களஞ்சியத்தில் வேலை செய்த மாவோரிக்காரர் ஆஃபினா என்றார். அதற்குப் பக்கத்துச் சொல் ஒன்று இருக்கிறது, அணைப்பது என்று பொருள் என்று சொல்லி, தன் பெரிய கைகளைக் காற்றில் வளைத்துக் காட்டினார். என் பக்கத்து மேசையில் மலேசியத் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள்.

"எங்க ஊருல தோலோங்தான். ஆனா அது சும்மா ப்ளீஸ் மாதிரி. கதவ சாத்தறதுக்கும் தோலோங், வீடு எரிஞ்சாலும் தோலோங்," என்றாள்.

பொதிகள் ஏற்றும் தொங்காத் தீவுக்காரர் என் தாளை வாங்கிப் பார்த்தார். தங்கள் சொல் தொகோனி என்றும், முட்டுக் கொடுக்கும் தடியைத் தொகோ என்பதால் அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு என்னுடைய ஏழையும் விரல்விட்டு எண்ணினார்.

"உங்களிடம் ஏழா? எங்களிடம் ஒன்றுதான், ஒரு தரம் கத்தினால் முழுத் தெருவும் வரும். நீங்கள் ஏழையும் சொல்லித்தான் ஒருத்தரையாவது பிடிப்பீர்களாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை நகர நூலகத்துக்குப் போனேன். சகாயம் என்றால் வடமொழியில் கூடப் போகிறவன். துணையும் அதற்குக் கிட்டத்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டு ஃபிஜிக்கார அக்கா சொல்லும் மதத் அரபியிலிருந்து வந்தது, நீட்டுவது என்ற வேரிலிருந்து. ஆங்கிலத்தில் அசிஸ்ட் என்பது லத்தீனிலிருந்து வந்தது, பக்கத்தில் நிற்பது. இன்னொன்று ஓடி வருவது. சிங்களத்தில் உதவ் என்கிறார்கள், அது எங்களிடமிருந்து போன சொல் என்று அகராதி சொன்னது. எங்களிடம் வாங்கிய சொல் அங்கே இருக்க, நாங்கள் இங்கே இருந்தோம். ஒத்தாசை எங்கிருந்து வந்தது என்று எந்தப் புத்தகமும் எனக்குத் திட்டமாகச் சொல்லவில்லை.

தாளை நிரப்பி முடித்தபோது ஒன்று விளங்கியது. நிற்பது, நடப்பது, ஓடுவது, நீட்டுவது, அணைப்பது, முட்டுக் கொடுப்பது. எல்லாம் உடம்பு செய்கிற வேலை. அதிலும், கொடுக்கிறவருடைய உடம்பு. கேட்கிறவர் என்ன செய்கிறார் என்று எந்தச் சொல்லிலும் இல்லை. நூலகத்துப் படிகளில் இறங்கி வரும்போதுதான் அப்பாவின் கச்சேரி நாட்கள் நினைவுக்கு வந்தன.

அப்பா ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். மனு எழுத, படிவம் நிரப்ப, காணி விசயம் கேட்க என்று ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வந்தவர் ஒருவரும் வந்த காரியத்தைச் சொன்னதில்லை. மழையைப் பற்றிக் கதைப்பார்கள், என் படிப்பைப் பற்றி விசாரிப்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், பிறகு "அப்ப நான் வரப்போறன்" என்று எழும்பி வாசல் படலை வரைக்கும் போய்விடுவார்கள். அப்பாவும் கூடப் போவார். அங்கே வைத்து அப்பாதான் கேட்பார், "வேறை என்ன விசயம்?" அதற்குப் பிறகுதான் மடித்த கடதாசி சட்டைப் பையிலிருந்து வெளியே வரும். ஒருநாள் நான் கேட்டேன், வந்தவுடனே சொன்னால் என்ன, நேரம் மிச்சம்தானே என்று.

"அவர் கேக்கிற வரைக்கும் நான் பாத்துக்கொண்டு இருந்தா, அது எனக்குத்தான் மரியாதை இல்லை, பிள்ளை," என்றார்.

அவருக்குப் பிறருடைய உதவி தேவைப்பட்டபோதும் இதே வழிதான். "நேரமிருந்தா ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்று சொல்லி அனுப்புவார். வந்தவருக்குக் கண் இருக்கிறது. பார்த்துக்கொள்வார்.

அட்டையின் கடைசிச் சதுரத்தில் 'ஒருக்கா வாங்கோ' என்று எழுதினேன். பேச்சுப் பயிற்சிப் பெண் பொருளைக் கேட்டாள். சொன்னேன். "அவ்வளவுதானா? ஏன் வர வேண்டும் என்று இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். அப்பா அதைப் பார்த்தார். வலது பக்கம் விழுந்துபோன வாய் கொஞ்சம் அசைந்தது. இடது கை விரலை அந்தச் சதுரத்தில் வைத்தார். அவள் தன் தாளில் சரி போட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

ஆளில்லா வீட்டில் அட்டையைத் தொட்டுப் பயனில்லை. ஆகவே பொத்தான் ஒன்று செய்தேன். வேலையிடத்தில் கழித்துவிட்ட ஒரு இயந்திரத்தின் நிறுத்தப் பொத்தானை, உள்ளங்கை அளவு, சிவப்பு நிறம், கேட்டு வாங்கினேன். அதை அப்பாவின் கதிரையின் இடது கைப்பிடியில் பூட்டி, கம்பியைச் சன்னல் வழியே எடுத்து, வேலியில் கட்டிப் பக்கத்து யூனிட்டின் குசினிக்குக் கொண்டுபோய் ஒரு மணியில் இணைத்தேன்.

பக்கத்து யூனிட்டில் இருந்த ஃபிஜிக்கார அக்காவின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். சான்ட்ரிங்ஹாம் ரோட்டுக் கடையொன்றில் கறிவேப்பிலைக் கட்டு எடுக்கும்போதுதான் நாங்கள் முதலில் கதைத்தோம். அவருக்கு இந்தியும் ஆங்கிலமும், இடையிடையே வீட்டில் மிஞ்சியிருந்த தமிழும். அந்தத் தமிழில் மரியாதைப் பன்மை கிடையாது. இரவில் அலுவலகங்கள் துப்பரவு செய்துவிட்டுக் காலையில் வந்து, எட்டு மணிக்குக் குசினித் திரையையும் இழுத்து மூடிப் படுத்தால் இரண்டு மணிக்குத்தான் எழும்புவார்.

"அப்பா, நீ பட்டன் அமுக்கு. நான் தூங்குனா என்னா? தூக்கம் எங்கயும் ஓடாது," என்று அவர் அப்பாவின் தோளில் தட்டிச் சொன்னார். அப்பா வாழ்க்கையில் ஒருவரும் அவரை நீ என்று சொல்லித் தோளில் தட்டியதில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். தலையாட்டினார்.

மதிப்பிடும் பெண் வீட்டுக்கு வந்து பார்த்தாள். விழுந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சைகையில் காட்டினாள். அப்பா பொத்தானை அழுத்தினார். முப்பத்தைந்து விநாடியில் ஃபிஜி அக்கா கையில் மாவோடு வந்து நின்றார். மூன்று தரம் செய்தோம், மூன்று தரமும் சரி. வீட்டில் இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நான் வாரத்துக்கு ஒரு தரம் கம்பியைச் சோதித்து ஒரு கொப்பியில் குறித்தேன். எது சோதிக்கக்கூடியதோ அதையே சோதித்தேன். நாலு மாதம் அப்படிப் போனது. காலையில் போத்தலில் தேத்தண்ணியும் பெட்டியில் சோறும் வைத்துவிட்டுப் போவேன். அப்பா சன்னலோரக் கதிரையில் இருந்து வேலியையும் பக்கத்துக் குசினிச் சன்னலையும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாலு மாதத்தில் ஒரு தரம்கூட மணி அடிக்கவில்லை. நல்லது, ஒரு பிரச்சினையும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை வந்து கதவைத் திறந்தபோது அப்பா கதிரைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. சன்னல் பாதி மூடியிருந்தது. காலையில் பத்து மணியளவில் ஒரு மழை அடித்துவிட்டுப் போயிருந்தது. கார்ப்பெட் வீட்டுக்காரருடையது, நனையக் கூடாது என்று எழும்பியிருக்கிறார். தேத்தண்ணிப் போத்தல் திறக்கப்படவில்லை. அவருடைய இடது கையிலிருந்து பொத்தான் ஒரு முழம்கூட இல்லை.

நான் அவரைத் தொடுவதற்கு முன் பொத்தானை அழுத்தினேன். அக்காவைக் கூப்பிடவா, அல்லது கம்பி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கவா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. வேலிக்கு அப்பால் மணி அடித்தது. செருப்பில்லாமல் அக்கா ஓடி வந்தார்.

"ஏன் அப்பா அமுக்கல? ஏன் அமுக்கல நீ?"

அப்பா இடது உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சரித்தார். பிறகு அந்தக் கையால் வேலிப் பக்கம் காட்டினார். நித்திரை. நீங்கள் நித்திரை.

"ரெண்டு மணிக்கே எழுந்தாச்சு! திரை தொறந்தாச்சு! நான் அங்கதான் ரொட்டி போட்டுக்கிட்டு இருந்தேன்," என்றார் அக்கா.

அப்பா ஆச்சரியமாக அவரைப் பார்த்தார், பிறகு சன்னலைப் பார்த்தார். ஆம்புலன்சுக்கு அடித்துவிட்டு நான் அவருக்குப் பக்கத்தில் கார்ப்பெட்டில் தலையை வைத்துப் படுத்தேன். அந்த உயரத்திலிருந்து கூரையின் தண்ணீர்ப் பீலியும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. பக்கத்துக் குசினிச் சன்னல் தெரியவில்லை. திரை திறந்ததா என்று அவர் அறிய வழியே இருக்கவில்லை. ஆறு மணித்தியாலம், இன்னும் எழும்பியிருக்க மாட்டா, இன்னும் எழும்பியிருக்க மாட்டா என்று காத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். கம்பி, மணி, கைப்பிடியின் உயரம், அவருடைய கையின் பலம் எல்லாம் அளந்த நான், தரையிலிருந்து எது தெரியும் என்று ஒரு நாளும் படுத்துப் பார்க்கவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் தந்தார்கள். விழுந்த நேரம், இடம், காரணம் எல்லாம் நிரப்பினேன். ஏழாவது கேள்வி, உதவிக்கு அழைக்கக்கூடியவராக இருந்தாரா. ஆம் என்று ஒரு பெட்டி, இல்லை என்று ஒரு பெட்டி. ஆம் போட்டால் வீட்டுக்கு வரலாம் என்பதும், இல்லை போட்டால் வரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பெட்டியிலும் ஒன்றும் போடாமல் ஓரத்தில் எழுதத் தொடங்கினேன். அவருடைய கை அழுத்தக்கூடியது என்று எழுதினேன். நித்திரை கொள்கிறவரை எழுப்பிக் கேட்பது அவருக்கு முடியாத காரியம் என்று எழுதினேன். படலை வரைக்கும் போய்ப் பிறகு சொல்லும் வழக்கத்தைப் பற்றிக்கூட எழுதினேன். ஓரம் முடிந்து பின்பக்கம் போனது.

மதிப்பிடும் பெண் அதை முழுதும் வாசித்தாள். அவசரப்படாமல் வாசித்தாள்.

"நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன்," என்றாள். "ஆனால் முடியாமல் விட்டாரா, செய்யாமல் விட்டாரா என்பது தரையில் கிடக்கும் ஆளுக்கு ஒன்றுதான்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. நானே இல்லை என்ற பெட்டியில் சரி போட்டுக் கொடுத்தேன்.

அன்று அண்ணா தொலைபேசியில் எடுத்தார்.

"ஹோமிலை விடப்போறியோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் பகலிலை வந்து அப்பாவோடை இருக்குமோ, அண்ணா?"

"அப்பிடிக் கேட்டா நான் என்ன சொல்லுறது."

"நான் உங்களைக் குற்றம் சொல்லேல்லை."

"நான் வரட்டோ, பிள்ளை?"

"லீவு இருக்கோ?"

விமானச் சத்தம் மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் லைனில் கேட்டுக்கொண்டிருந்தது. வரச் சொல்லி நானும் சொல்லவில்லை. வாங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் எப்படியாவது வந்திருப்பார். நான் கேட்க வேண்டும் என்று அவரும், தானாக வரட்டும் என்று நானும் இருந்துவிட்டோம்.

இல்லம் நல்ல இடம்தான். சுத்தம், வெளிச்சம், சன்னலுக்கு வெளியே ஒரு எலுமிச்சை மரம். கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்தால் தாதிமார் அறையில் மணி அடிக்கும் ஒரு கயிறு. சேர்த்து இரண்டாவது கிழமை, பொறுப்பான தாதி என்னை நடையில் கண்டு நின்றாள்.

"உங்கள் அப்பாவைப் போல ஒரு ஆளை நான் கண்டதில்லை. ஒரு கரைச்சலும் இல்லை. ஒரு தரம்கூட மணியை இழுத்ததில்லை," என்றாள்.

அவள் அதை எனக்கு ஒரு பரிசு போலக் கொடுத்தாள். நான் உள்ளே போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். விரிப்பு நனைந்திருந்தது, ஓரங்கள் காய்ந்தும் இருந்தன. அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரிப்பை மாற்றினேன், உடம்பைத் துடைத்தேன், தண்ணீர் காட்டினேன், குடித்தார். சன்னல் என்றேன், தலையசைத்தார், சாத்தினேன்.

பிறகு வெளியே வந்து தாதியிடம், அவர் ஒருநாளும் கூப்பிடமாட்டார், கூப்பிடாவிட்டாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். கூச்சப்படுகிறவர் என்று மட்டும் சொன்னேன். ஆட்கள் குறைவு, முயற்சி செய்கிறோம் என்றாள். நல்ல மனம் உள்ளவள். மறுநாளே நான் நிரல் போட்டு ஒரு தாள் அடித்துக் கொண்டுபோனேன். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. போய்ப் பார்த்தவர் சரி போட வேண்டும். அதை அவள் அப்பாவின் அறைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டாள்.

வேலை முடிந்து அங்கே போய்ச் சேர ஐந்தாகும். கதவைத் திறந்தால் அப்பா கட்டிலில் இருந்து என்னைப் பார்ப்பார், நான் முதலில் கதவைத்தான் பார்ப்பேன். சில நாட்களில் ஐந்து கட்டத்திலும் சரி இருக்கும். பல நாட்களில் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் இருக்கும், சாப்பாடு கொண்டுவருகிற நேரங்கள். இடையில் வெறும் கட்டங்கள். அவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் திரும்பி, "என்னப்பா, எப்பிடி இருக்கிறியள்?" என்பேன். அவர் இடது கையைச் சற்று உயர்த்தி, ஒன்றும் வேண்டாம் என்று காட்டுவார்.